நாற்பத்தொன்றாம் இலக்கக் கார்

ரொறன்ரோவின் ஸ்காபரோப் பக்கம் ரக்சி ஓட்டினவர்களில் பாதிப்பேருக்குச் செலீனை முகத்தால் தெரியாது. குரலால் தெரியும். லோரன்ஸ் வீதியில் ஒரு ரயர்க்கடைக்கு மேல்மாடியில், ஜன்னல் இல்லாத அறையில் இருந்துகொண்டு, எந்தக் கார் எந்த வாசலுக்குப் போகவேண்டும் என்று மைக்கில் சொல்லிக்கொண்டிருந்த குரல் அவளுடையது. அந்த வேலைக்கு டிஸ்பாச்சர் என்று பெயர்.

மன்னாரில் பிறந்தவள். எண்பத்தேழில் கணவன் யோசப்போடு ரொறன்ரோவுக்கு வந்து, சென் ஜேம்ஸ் ரவுணில் இன்னொரு குடும்பத்தோடு ஒரே வீட்டைப் பங்குபோட்டு இருந்தாள். யோசப் உணவகத்தில் கோப்பை கழுவினான். அவள் அலுவலகக் கட்டடங்களில் தரை துடைத்தாள். பிறகு அவன் ரக்சி லைசன்ஸ் எடுத்தான். தான் ஓடிய கொம்பனியில் போன் எடுக்க ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்ததும் அவளையும் கூட்டிக்கொண்டு போனான். கொம்பனி தியாகலிங்கத்தினுடையது. ஊரில் லொறி வைத்து ஓடினவர். டிஸ்பாச்சர் வராத ஒருநாள், செலீனை மைக்குக்கு முன்னால் இருத்திப் பார்த்தார். அதற்குப் பிறகு அவளை அந்தக் கதிரையிலிருந்து எழுப்பவில்லை.

மற்ற டிஸ்பாச்சர்கள் துண்டு துண்டாக எழுதி மேசை முழுக்கப் பரப்பி வைத்திருப்பார்கள். செலீன் அனேகமாக எல்லாவற்றையும் தலைக்குள் வைத்திருந்தாள். எந்தக் கார் எங்கே நிற்கிறது, யார் இன்னும் கொஞ்சத்தில் ஆளை இறக்கிவிட்டு வெறுங்காராக வருவான், எந்தச் சந்தியில் வீதி வெட்டிப் போட்டிருக்கிறார்கள் எல்லாம் அவளுக்குத் தெரியும். எப்படி முடிகிறது என்று கேட்டால், ஆட்களின் பெயரை நினைத்தால் தலை காணாது என்பாள். பெயரோடு அவனுடைய பிள்ளைக்குக் காய்ச்சல், இவனுக்கு முதுகு நோ என்று எல்லாம் கூட வரும். இலக்கத்தோடு ஒன்றும் வராது. அவளுக்கு ஓட்டிகள் எல்லோரும் இலக்கங்கள்.

யோசப் நாற்பத்தொன்று. அவள் மைக்குக்கு வந்த புதிதில், விமான நிலையம் போகும் நல்ல ஓட்டமெல்லாம் புருசனுக்குத்தான் போகும் என்று சிலர் முணுமுணுத்தார்கள். அது காதில் விழுந்த அன்றே செலீன் வீட்டில் ஒரு சட்டம் போட்டாள். றேடியோவில் தமிழ் இல்லை, பெயர் இல்லை, அவனுக்கென்று ஒரு சலுகையும் இல்லை. யோசப் சிரித்துக்கொண்டே சம்மதித்தான். நாளடைவில் வீட்டு யோசப் வேறு, றேடியோவில் வரும் நாற்பத்தொன்று வேறு என்றே அவளுக்கு ஆகிவிட்டது. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு தை மாதம், பனி அள்ளுவதற்கு இராணுவம் வந்திறங்கிய அந்த நாட்களில் ஒருநாள் காலை. முதல் நாள் பனியே இன்னும் வீதியோரத்தில் ஆளுயரத்துக்குக் கிடந்தது. அதற்குமேல் புதிதாகக் கொட்டத் தொடங்கியிருந்தது. கொம்பனியில் றேடியோ அலைவரிசை இரண்டு. ஒன்று வழமையான ஓட்டங்களுக்கு. மற்றது, சிறுநீரகம் பழுதாகி இரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரிக்குப் போய்வரும் நோயாளிகளுக்கு. இரண்டாவதைப் பார்க்கும் சண்முகலிங்கம் ஒஷாவாவிலிருந்து வரவேண்டியவர். நெடுஞ்சாலையில் காரோடு இறுகிப்போனேன், இனி வர வழியில்லை என்று போன் எடுத்துச் சொன்னார். ஓட்டிகள் குறைவாக வந்திருந்ததால் தியாகலிங்கமே ஒரு காரை எடுத்துக்கொண்டு வீதிக்கு இறங்கிவிட்டார். இறங்குமுன் செலீனிடம் இரண்டையும் சமாளிப்பாயா என்று கேட்டார். அவள் ஓம் என்றாள். கேட்டவரும் சரி, சொன்னவளும் சரி, அதைப் பெரிதாக யோசிக்கவில்லை.

அறையில் அவளும் ஜெயமலரும் மட்டும். ஜெயமலர் போன் எடுத்து, விலாசத்தைச் சிறு துண்டில் எழுதி நீட்டுகிறவள். அன்றைக்கு அவள் ஒரு போனை வைக்கமுன் அடுத்தது அடித்தது.

செலீன் ஒரு காரை மார்க்கம் வீதியால் அனுப்புவாள். அங்கே பஸ் ஒன்று குறுக்கே நின்று வீதியை அடைத்துவிட்டதென்று இன்னொருவன் சொல்வான். அனுப்பின காரைத் திருப்பி எல்ஸ்மியரால் விடுவாள். அது போய்ச் சேருமுன் எல்ஸ்மியர் மேட்டில் கார்கள் ஏறமுடியாமல் வழுக்குகின்றன என்று செய்தி வரும். ஒரு முடிவெடுத்து மூச்சு விடுவதற்குள், எதை நம்பி அந்த முடிவை எடுத்தாளோ அது மாறிப்போயிருக்கும். அதற்கிடையில் இரண்டாவது அலைவரிசையில் நோயாளிகள். அவர்களில் ஒருவரையும் பிந்த விட ஏலாது.

கூப்பிடுகிறவர்கள் எல்லோருக்கும் அவள் ஸ்ராண்ட் பை என்றாள். பொறுத்து நில், நான் திரும்பி வருவேன் என்று அர்த்தம். ஒவ்வொருவரிடமும் திரும்பி வரவும் செய்தாள்.

மத்தியானம் நெருங்க, அவளுக்குள் எல்லாம் அமைதியாகிவிட்டது. கடுமையான நாட்களில் இது அவளுக்கு முன்பும் வந்திருக்கிறது. பதற்றம் போய்விடும், பசி போய்விடும், கைகள் தன்பாட்டில் ஓடும். ஜெயமலர் வைத்த தேத்தண்ணி ஆடை படிந்து ஆறிக் கிடந்தது. அந்த அமைதியைச் செலீன் தன் கெட்டித்தனம் என்றுதான் நினைத்திருந்தாள். தலை நிரம்பி, இனி ஒன்றுக்கும் இடமில்லாமல் கதவைச் சாத்திக்கொள்கிறது என்று அவளுக்கு அப்போது தெரியாது.

அந்த அமைதிக்குள்தான் அந்தக் குரல் வந்தது.

"ஃபோட்டி வண்."

இலக்கம் மட்டும். அவள், "ஃபோட்டி வண், ஸ்ராண்ட் பை" என்றாள். வேறு மூன்று காரோடு பேசினாள். கொஞ்ச நேரத்தில் அதே இலக்கம் மறுபடி வந்தது. ஆனால் அதே நொடியில் இன்னொருவனும் மைக்கை அழுத்தியிருந்ததால் இரண்டு குரலும் மோதி இரைச்சலாகிவிட்டன. இலக்கமும், பக்கத்தில் யாராவது என்பது போல ஆங்கிலத்தில் ஒன்றிரண்டு சொற்களும்தான் கேட்டன. அவள் இன்னும் அழுத்தமாக, ஸ்ராண்ட் பை என்று சொன்னதைக் கேட்டாய்தானே என்று ஆங்கிலத்தில் சொன்னாள். அதன்பிறகு நாற்பத்தொன்று கூப்பிடவில்லை.

பதினாறாம் இலக்கக்காரன் ஃபாரா, சோமாலியாக்காரன். அவனை மோர்னிங்சைட்டில் ஒரு நோயாளியை ஏற்ற அனுப்பியிருந்தாள். பாதியில் அவன், தான் அங்கே போகவில்லை, வேறு ஆளை அனுப்பு என்று மட்டும் சொல்லிவிட்டு ஓய்ந்துபோனான். எல்லா ஓட்டிகளும் கேட்க அவள் அவனைத் திட்டினாள். இப்படிப்பட்ட நாளில் சொன்ன இடத்துக்குப் போகாதவன் இனி இந்தக் கொம்பனிக்கே வரத் தேவையில்லை என்றாள். பிறகு அந்த நோயாளிக்கு இன்னொரு காரைத் திருப்பிவிட்டாள். அவரும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தார்.

ஃபாரா திரும்ப றேடியோவில் வந்தான். இந்தமுறை இரைந்தான். எல்ஸ்மியருக்குக் கிட்ட ஒரு பிளாசா வாசலில் நாற்பத்தொன்று நிற்கிறது, ஓட்டி ஸ்ரியரிங்கில் சாய்ந்து கிடக்கிறான், கூப்பிட்டால் பேச்சில்லை.

செலீன் குரல் மாறவில்லை. மூச்சு இருக்கிறதா என்று கேட்டாள். சீற்றைச் சரித்துக் கழுத்தைத் தளர்த்தச் சொன்னாள். அம்புலன்ஸ் இந்தப் பனியில் வந்து சேராது என்று நினைத்தாள். அந்தப் பிளாசாவுக்குப் பின்னால் தீயணைப்பு நிலையம் இருப்பதும், அதன் வாசல் வீதியை எப்போதும் முதலில் வழித்துவிடுவார்கள் என்பதும் ஞாபகம் வந்தது. அம்புலன்ஸைக் கூப்பிடும்போது தீயணைப்பு நிலையம் பக்கத்தில் இருப்பதையும் சொல்லு, அவர்கள்தான் முதலில் வரவேண்டும் என்று ஜெயமலரிடம் சொன்னாள். வழியில் நின்ற இரண்டு கார்களை ஒதுங்கச் சொன்னாள். இவ்வளவையும் ஒரு பிழையில்லாமல் செய்து முடித்துவிட்டு, அடுத்த காரைக் கூப்பிட்டாள்.

ஜெயமலர் போனை வைத்துவிட்டு எழும்பி வந்து பக்கத்தில் நின்றாள். செலீன் பொறு என்று கையைக் காட்டினாள். ஜெயமலர் அசையவில்லை.

"செலீன் அக்கா, நாப்பத்தொண்டு யோசப் அண்ணை."

செலீன் திரும்பிப் பார்த்தாள்.

"எந்த யோசப்?" என்று கேட்டாள்.

அந்தக் கேள்வியை ஜெயமலர் பிறகு எத்தனையோ தரம் நினைத்திருக்கிறாள். அது அழுகையாகவோ நம்பமுடியாமலோ வந்த கேள்வி இல்லை. வேலைக்குத் தேவையான ஒரு விபரத்தைக் கேட்பது போல, அவ்வளவு சாதாரணமாக வந்தது. ஜெயமலர் பதில் சொல்லத் தேவைப்படவில்லை. செலீனின் முகத்தில் முதலில் வாய் திறந்தது. பிறகு கை போய் மைக்கை இறுக்கிப் பிடித்தது. காதில் மாட்டியிருந்த கருவிக்குள் யாரோ தன் இலக்கத்தைச் சொல்லிக்கொண்டிருந்தான். ஜெயமலர் அதை அவளுடைய தலையிலிருந்து கழற்றித் தன் தலையில் மாட்டினாள். அதற்கு முன் அவள் மைக்கில் ஒரு சொல்கூடப் பேசினதில்லை.

செலீனை ஆஸ்பத்திரிக்குத் தியாகலிங்கம் கொண்டுபோனார். வழி முழுக்கச் செலீன் ஒரே வசனத்தைத்தான் சொன்னாள். "நான் அவரை ஸ்ராண்ட் பை எண்டனான்." தியாகலிங்கம் ஸ்ரியரிங்கைப் பிடித்தபடி பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவரும் அதைத் தன் காரிலிருந்த றேடியோவில் கேட்டவர்தான். வீதியில் ஓடிய எல்லோரும் கேட்டார்கள்.

யோசப் உயிரோடு இருந்தான். தீயணைப்புக்காரர் நேரத்துக்கு வந்திருந்தார்கள். ஆனால் இதயத் தசையில் ஒரு பகுதி செத்துவிட்டது, இனித் திரும்பாது என்று டொக்டர் சொன்னார். எப்போது நெஞ்சுநோ தொடங்கியது என்று தெரியுமா என்று கேட்டார். செலீன் சுவரைப் பார்த்தாள்.

நடையில் ஃபாரா ஈரச் சப்பாத்தோடு இருந்தான். எப்படித் தெரிந்தது என்று அவள் கேட்டாள். பஸ்ஸுக்குப் பின்னால் இறுகி நின்றதாகவும், றேடியோவைக் கேட்பதைத் தவிர வேறு வேலை இருக்கவில்லை என்றும் சொன்னான். முதல்தரம் கூப்பிட்டபோதே அந்தக் குரலில் மூச்சுக் காணாமல் இருந்தது. நாற்பத்தொன்றை அவள் எல்ஸ்மியர் பிளாசாவுக்கு அனுப்பினதும் அவன் காதில் விழுந்திருந்தது. இரண்டாந்தரம் கூப்பிட்டபோது காரைத் திருப்பிவிட்டான். குற்றஞ் சொல்கிற மாதிரி இல்லாமல் நடந்ததைச் சொன்னான். அதனால்தான் அவளுக்குத் தாங்கமுடியவில்லை. எல்லோருக்கும் முன்னால் திட்டியதற்கு மன்னிப்புக் கேட்டாள். தான் அப்போது றேடியோவைக் குறைத்து வைத்திருந்ததாக அவன் சொன்னான். பொய் என்று இருவருக்கும் தெரியும்.

மகள் றெபேக்கா பின்னேரம் வந்து சேர்ந்தாள். பதினைந்து வயது. தகப்பனைக் கண்ணாடிக்குள்ளால் பார்த்துவிட்டு வந்து தாய்க்குப் பக்கத்தில் இருந்தாள்.

"அப்பா கூப்பிட்டவராம். யூ நியூ இற் வொஸ் ஹிம், றைற்?"

"இல்லை பிள்ளை. எனக்குத் தெரியேல்லை."

"பட் இற்ஸ் அப்பா" என்றாள் றெபேக்கா. அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. தாயின் கையைப் பிடித்திருந்த கையை மெல்ல எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

செலீன் வேலைக்குப் போகவில்லை. வீட்டில் நின்றாள். ஊரையே தலைக்குள் வைத்திருந்தவளுக்கு, அடுப்பில் இரண்டு சட்டி இருந்தால் எதை முதலில் இறக்குவதென்று தெரியவில்லை. கடையில் பால் அடுக்கியிருந்த இடத்துக்கு முன்னால் போய் நின்று, எதை எடுப்பது என்று முடிவெடுக்க முடியாமல் வெறுங்கையோடு திரும்பி வந்தாள். படுத்தால் அந்த இரண்டு தரம் கேட்ட இலக்கம் காதுக்குள் வரும். எவ்வளவு கூர்ந்து கேட்டாலும் அதில் யோசப்பின் குரல் அகப்படாது. பதினெட்டு வருடம் கூட வாழ்ந்த மனுசனின் குரல்.

யோசப் வீட்டுக்கு வந்தான். மாத்திரை குடித்தான், மெல்ல நடந்தான். அந்த நாளைப்பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

ஈஸ்டருக்கு முந்திய தபசு காலத்தில் ஒரு ஞாயிறு, தமிழ்ப் பூசை முடிந்து வெளியே வர, நீக்கிலாப்பிள்ளை என்ற வயதானவர் கைத்தடியோடு வந்து செலீனின் இரண்டு கையையும் பிடித்தார். அன்றைக்கு மோர்னிங்சைட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குப் போக நின்றவர் அவர்தான். ஒரு கார் வராமல் போக இன்னொரு காரைத் தேடி அனுப்பி, தன் உயிரைக் காப்பாற்றினவள் இவள்தான் என்று பக்கத்தில் நின்றவர்களுக்கெல்லாம் சொன்னார். ஏன் முதல் கார் வரவில்லை என்று அவருக்கு ஒருவரும் சொல்லியிருக்கவில்லை. யோசப்பைப் பார்த்து, கெட்டிக்காரப் பெண்சாதி கிடைச்சிருக்கு என்றார்.

"ஓம் அங்கிள். அண்டைக்கு இவ எல்லாரையும் ஒழுங்காக் கொண்டுபோய்ச் சேர்த்தவ" என்றான் யோசப்.

செலீன் அவனுடைய முகத்தைத் தேடிப் பார்த்தாள். குத்தலாகச் சொல்கிற முகம் இல்லை அது. உண்மையாகத்தான் சொன்னான். கையை விடுவித்துக்கொண்டு போய்க் காருக்குள் இருந்தாள்.

அந்தக் கிழமை தியாகலிங்கம் வீட்டுக்கு வந்தார். பிழை தன்னுடையது என்றார். இரண்டு பேரின் வேலையை ஒருவரின் தலையில் போட்டுவிட்டு இறங்கிப் போனது தான்தான் என்றார். திரும்ப வருவாயா என்று கேட்டார். வருவதென்றால் சில விசயம் வேண்டும் என்றாள் செலீன். இரண்டு அலைவரிசையையும் ஒருவர் பார்க்கக்கூடாது. பொறுக்கச் சொன்ன ஒவ்வொரு ஓட்டியின் இலக்கத்தையும் கண்ணுக்கு முன்னால் பலகையில் மாட்டவேண்டும், தலைக்குள் வைக்கக்கூடாது. அடிக்கடி எல்லோரையும் மௌனமாக்கிவிட்டு, பலகையில் நிற்பவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு என்ன என்று கேட்கவேண்டும்.

"பெயர் சொன்னால் பெடியள் பகிடி பண்ணுவாங்கள் பிள்ளை."

"பண்ணட்டும் அண்ணை. இன்னொண்டும் இருக்கு. எனக்கு நிரம்பிட்டுது எண்டு நான் சொன்னால், ஏன் எண்டு ஆரும் கேக்கக்கூடாது. மைக்கை வாங்கவேணும்."

தியாகலிங்கம் தலையாட்டினார். ஓட்டிகள் சில நாள் பகிடி பண்ணினார்கள். பிறகு விட்டுவிட்டார்கள்.

சித்திரையில் ஒருநாள் மழை விழவிழ உறைந்து கண்ணாடியாகிக்கொண்டிருந்தது. கார்கள் வழுக்கின, போன்கள் அடித்தன. செலீன் பேசிக்கொண்டிருக்கும்போதே உள்ளுக்குள் அந்த அமைதி இறங்கத் தொடங்கியது. முன்பென்றால் அதற்குள் இறங்கியிருப்பாள். இப்போது பேச்சை நிறுத்தினாள். பலகையைப் பார்த்தாள். மாட்டியிருந்த இலக்கங்களில் ஒன்று யாருடையது என்று பிடிபடவில்லை.

"ஜெயா, எனக்கு நிரம்பிட்டுது."

ஜெயமலர் ஏன் என்று கேட்கவில்லை. அதற்குள் மைக்கில் பழகியிருந்தாள். செலீன் போய் முகத்தைக் கழுவி, கொஞ்ச நேரம் சுவரில் சாய்ந்து நின்றுவிட்டுத் திரும்பி வந்தாள். பிடிபடாத இலக்கத்துக்கு உரியவனைப் பெயர் தேடிக் கூப்பிட்டாள். எங்கேயாவது கோப்பிக்கடை திறந்திருக்கிறதா என்று கேட்கத்தான் கூப்பிட்டேன் என்றான் அவன். ஜெயமலருக்குச் சிரிப்பு வந்தது. செலீனுக்கு வரவில்லை. அந்த இலக்கத்தைப் பலகையிலிருந்து கழற்றிவிட்டு அடுத்தவனைக் கூப்பிட்டாள்.

அப்படியே அவள் அந்த வேலையில் தொடர்ந்தாள். யோசப் அதன்பிறகு ரக்சி ஓட்டவில்லை. ஒரு கட்டடத்தின் கார் தரிப்பிடத்தில், கூண்டுக்குள் இருந்து தடியைத் தூக்கி இறக்கும் வேலை கிடைத்தது. உடம்புக்கு அது போதுமாக இருந்தது. றெபேக்கா மெல்ல மெல்லத் தாயோடு பழையபடி பேசத் தொடங்கினாள். அந்த நாளைப்பற்றி மட்டும் பேசுவதில்லை.

ஆவணியில் ஒருநாள் இதய டொக்டரிடம் காட்டிவிட்டு வந்து இருவரும் காருக்குள் ஏறினார்கள். வெயில் எரித்தது. டொக்டர் நல்ல செய்தி சொல்லியிருந்தார். அந்தத் தைரியத்தில் செலீன் இவ்வளவு நாளும் கேட்காததைக் கேட்டாள். ஏன் மூன்றாந்தரம் கூப்பிடவில்லை? ஏன் தமிழில் ஒரு சொல், அவளுடைய பெயரை ஒருதரம், சொல்லவில்லை? சட்டத்துக்காகவா?

யோசப் இருக்கைப் பட்டியைப் போட்டுக்கொண்டிருந்தான்.

"சட்டமெல்லாம் ஞாபகத்திலை இல்லை. உம்மடை குரலைக் கேட்டுக்கொண்டிருந்தனான். நீர் எவ்வளத்தைத் தூக்கிக்கொண்டு நிக்கிறீர் எண்டு அதிலை தெரிஞ்சுது. என்னையும் சேர்த்தால் உமக்கு எல்லாம் கொட்டுப்பட்டிடும் எண்டு நினைச்சன். நெஞ்சுநோ கொஞ்சத்திலை அடங்கும், நீர் எப்பிடியும் திரும்பி வருவீர்தானே எண்டு இருந்திட்டன்."

செலீன் திறப்பைப் போட்டுத் திருக்கப்போன கையை அப்படியே வைத்திருந்தாள். அந்தப் பனிக்குள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு, அழுத்தாமல் அவன் இருந்திருக்கிறான். அவளுக்கு அவன் குரல் தெரியவில்லை. அவனுக்கு அவளுடைய குரலில் எல்லாமே தெரிந்திருக்கிறது.

அவர்கள் காரை நிறுத்தியிருந்த இடத்துக்காகப் பின்னால் ஒரு கார் காத்து நின்றது. ஹோர்ன் அடித்தது. யோசப் எட்டிக் கையை நீட்டி, இரண்டு பக்கமும் மினுங்கும் விளக்கைப் போட்டுவிட்டு, கண்ணாடியை இறக்கி, சுற்றிப் போகும்படி பின்னால் நின்றவனுக்குக் கையைக் காட்டினான்.